இன்ஜினுக்கு முன்னால் கையைக் காட்டு

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் ஒரு மனக்குறை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சோதனை மேசைக்குப் பக்கத்தில் போனாலே மேற்பார்வையாளர் லிங்கம் “கை?” என்று கேட்கிறாராம். இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிக் காட்டிய பிறகுதான் இன்ஜினைத் தொட விடுகிறாராம். “இது பட்டறையா, பாலர் பள்ளியா?” என்று உங்களில் ஒருவர் முணுமுணுத்திருக்கிறார். யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு அங்கே இரண்டு காது இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பழக்கம் வரக் காரணமே நான்தான். பெருமைப்படும்படியாக அல்ல. புதியவர்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி நம் முதலாளி மாஸ்டர் கேட்டபோது, உரசித் தேய்க்கும் ஹோன் கல்லை எந்த வேகத்தில் சுற்றுவது, எரிபொருளில் எண்ணெய் எவ்வளவு என்றெல்லாம் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதெல்லாம் லிங்கமே சொல்லித் தருவார், என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார். அவர் சொல்லாமல் விடுகிற ஒன்றை நான் சொல்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயாலும் கெட்டேன், விரலாலும் கெட்டேன்.

என்னை நேரில் பார்க்காதவர்களுக்கு: நான் இந்தப் பட்டறையின் பழைய அக்கா. வேறு பெயர் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. மின்னணுக் கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டவைத்து வேலை பார்த்தவள் என்பதால் மாஸ்டர் என்னைச் சேர்த்துக்கொண்டார். மாஸ்டர் அதற்கு முன் தொழில்நுட்பப் பள்ளியில் வாத்தியார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும், அவருக்குக் குரல் இறங்கும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் பட்டறையில் ரேடியோவைக்கூட நிறுத்திவிடுவோம்.

குனோங் ராபாட்டில் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு கடை வீட்டில் நாம் செய்வது சின்ன வேலை, ஆனால் வம்பு பிடித்த வேலை. பொம்மை விமானம், படகு இவற்றில் பூட்டுகிற இன்ஜின் கைக்குள் அடங்கிவிடும். அதற்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் இரும்புக் குழாயை ஸ்லீவ் என்கிறோம். ஓடி ஓடி அதன் உள்சுவர் கண்ணாடி போல வழுவழுத்துவிட்டால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் பிடிப்பு இழந்துவிடும், இன்ஜின் மூச்சு வாங்கும். அப்போது ஹோன் கல்லை உள்ளே விட்டுச் சுழற்றி, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போடுகிறோம். எண்ணெய் அந்தக் கோடுகளில் தங்கும், புது ரிங் அதில் தேய்ந்து உட்காரும். கல் உதிர்த்த துகள்களைச் சுடுநீரும் சோப்பும் போட்டுக் கழுவியெடுக்க வேண்டும், ஒன்று மிஞ்சினாலும் சுவரைக் கிழித்துவிடும். பிறகு சோதனை மேசையில் பூட்டி, விளக்கெண்ணெய் கலந்த எரிபொருளைத் தாராளமாகக் கொடுத்து, கொஞ்சம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம் ஓட்டிப் பழக்குகிறோம். வீட்டுக்கு வந்த மருமகளை முதல் நாளே ஐம்பது பேருக்குச் சமைக்கச் சொல்லக்கூடாது என்று நான் விளக்கம் சொல்வேன். மாஸ்டருக்கு அது பிடிக்காது.

நான் சேர்ந்த புதிதில் ரிங்கே இல்லாத வகை இன்ஜின் ஒன்று வந்தது. பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது இறுகியது. கெட்டுவிட்டது என்று நினைத்து, இறுக்கம் போகும்வரை ஹோன் போட்டுத் தள்ளினேன். அந்த வகை குளிர்ந்திருக்கும்போது அப்படித்தான் இறுகும், சூடானால் தானாகவே சரியாகிவிடும் என்பது எனக்குத் தெரியாது. நல்ல பொருளைத் தேய்த்துக் குப்பையாக்கிவிட்டேன். மாஸ்டர் திட்டவில்லை. சுவரில் தொங்கும் கரும்பலகைக்கு முன்னால் என்னை நிறுத்தினார்.

“பிள்ளை, ஒரு சாமான் பழுதாப் போனால் ஆர் செய்தது எண்டு கேளாதையும். என்ன மாத்தினது எண்டு கேளும். மாத்தினது எல்லாத்தையும் இதில எழுதும். மிச்சத்தைப் பலகையே சொல்லும்.”

நான் தலையை ஆட்டினேன். பல வருடங்கள் அதை ஒழுங்காகவும் செய்தேன். அதனால்தான் சொல்கிறேன், ஒழுங்காகச் செய்கிறவர்கள்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

இப்போது என் விரல் கெட்ட கதைக்கு, திருநீறு விஷயத்துக்கு வருகிறேன். புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் ஓட்டாத ஆட்கள் நாம். நானும் அப்படித்தான். சீர்செய்த இன்ஜினை முதல்முறை ஓட்டும் முன் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து மூன்று கோடு இழுத்து, நடுவில் குங்குமம் வைப்பேன். அதையெல்லாம் கைபேசியில் படம் பிடித்து, இன்ஜினின் முதல் சத்தத்தோடு வாடிக்கையாளருக்கு வாட்சாப்பில் அனுப்புவேன். நம்மவர்களுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். சீனர், மலாய்க்காரர் இன்ஜின்களுக்குப் பூச மாட்டேன். கேட்காமல் அடுத்தவர் பொருளுக்குப் பொட்டு வைப்பது மரியாதை இல்லை.

தெலுக் இந்தானில் லோரி ஓட்டும் வாடிக்கையாளர் ஒருவர் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. பூசுறது நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்ஜின் சூட்டுல காஞ்சி கெட்டியாயிருதுலா. பிரஷ் போட்டுத் தேச்சாலும் போகமாட்டேங்குது.”

நியாயமான பேச்சு. அன்றோடு தண்ணீரில் குழைப்பதை விட்டேன். உலர்ந்த திருநீற்றைத் தொட்டு லேசாகத் தடவி, அதன்மேல் ஒரு பொட்டு. துடைத்தால் போய்விடும். எவ்வளவு நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கரும்பலகையில் எழுதவில்லை. அது வேலையில் சேர்த்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த இரண்டு வாரங்களில் மூன்று இன்ஜின்கள் சோதனை மேசையிலேயே கெட்டன. மூன்றும் ஒரே மாதிரி. முதலில் நன்றாகப் பொடபொடக்கும். இரண்டாம் மூன்றாம் ஓட்டத்தில் சத்தம் மெலியும். கையால் சுற்றிப் பார்த்தால் அமுக்கமே இருக்காது. பிரித்தால், நான் பார்த்துப் பார்த்துப் போட்ட ஹோன் கோடுகளின் மேல், மேலிருந்து கீழாகக் கீறல்கள். பூனை பிறாண்டியது போல் இருக்கும்.

மாஸ்டர் கரும்பலகைக்கு முன் நின்று குரலை இறக்கினார்.

“பிள்ளை, என்ன மாத்தினீர்?”

“ஒன்னும் மாத்தல மாஸ்டர். அதே கல்லு, அதே ரிங், அதே எண்ணெய், அதே சோப்பு.”

“வடிவா யோசிச்சுச் சொல்லும்.”

“ஒன்னுமே மாத்தல.”

அவர் இன்னொன்றையும் கவனித்திருந்தார். இந்த இரண்டு வாரத்தில் ஓட்டிய இன்ஜின்கள் மொத்தம் ஏழு. அதில் நான்கு சீன, மலாய் வாடிக்கையாளர்களுடையவை, அவை நான்கும் மணி மணியாக ஓடின. கெட்ட மூன்றும் தமிழர்களுடையவை.

“இதென்ன புதினம், தமிழ் ஆக்களின்ட இன்ஜினுக்கு மட்டும் ஒரு வருத்தம்?” என்று, நோய் வந்தவர்களைப் பற்றிப் பேசுவது போல, மாஸ்டர் தலையைச் சொறிந்தார்.

கடைசல் இயந்திரத்தில் வேலை செய்யும் இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு மனதுக்குள் விடை கிடைத்துவிட்டது. அந்த விடையின் பெயர் லிங்கம்.

லிங்கம் அப்போது சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர். எஸ்டேட் முதலில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி, பிறகு வீடுகளாகிவிட்டது. அதன் பிறகு அவர் வேலை செய்த இரண்டு கிலாங்குகளும் அடுத்தடுத்து மூடிக்கொண்டன. நாற்பதைத் தாண்டிய மனிதரைச் சேர்க்க யாரும் முன்வராத நேரத்தில், ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லி மாஸ்டர் எடுத்தார். மூத்த மகளுக்கு அந்த மாதம்தான் போலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. அந்த ஆறாவது மாதம் முடிவதை அவர் வீட்டில் எல்லாரும் நாள்காட்டியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குக் கொடுத்தது கழுவும் வேலை. ஹோன் போட்ட ஸ்லீவை நான் கொடுப்பேன், அவர் கழுவித் தருவார். அதற்கு வீட்டிலிருந்து ஒரு பால் வாளி கொண்டு வந்திருந்தார். ரப்பர் மரத்துப் பாலைச் சுமந்த பழைய வாளி. வாளியில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் பால் திரிந்துபோகும் என்பதால் எஸ்டேட்டில் வாளி கழுவத் தெரியாதவன் எதற்கும் லாயக்கில்லை என்பார். மூன்று தண்ணீர் மாற்றுவார். வெள்ளைத் துணியை ஸ்லீவுக்குள் விட்டு இழுத்து, துணி வெள்ளையாகவே வெளியே வந்தால்தான் என்னிடம் தருவார். இதையெல்லாம் நான் தினமும் பார்த்தவள். பார்த்தும் என்ன பிரயோசனம்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றாவது இன்ஜினின் சொந்தக்காரர் வந்து நின்றார். பாகான் டத்தோவில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய எஸ்டேட் திடலில் விமானம் பறக்கவிடும் கூட்டம். அதற்காகவே இன்ஜினைக் கொடுத்திருந்தார்.

“என்னாக்கா, என் இன்ஜின் செத்துப்போச்சா?” என்று சிரித்தபடிதான் கேட்டார்.

வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். பின்பக்கம் குழாயடியில் இருந்த லிங்கத்தைக் கூப்பிட்டேன். கடைசல்காரர்கள், மாஸ்டர், வாடிக்கையாளர் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

“லிங்கம், நம்மாளுங்க இன்ஜின்னா ரெண்டு சொம்புத் தண்ணிய ஊத்தினாப் போதும்னு நினைச்சிட்டீங்களா? சீனவங்க இன்ஜின் மட்டும் பளபளன்னு வருது, நம்மாளுங்களுக்குன்னா தீடாப்பா, எப்படியோ போகட்டும், அப்படித்தானே?”

லிங்கத்தின் கையில் சோப்பு நுரை இருந்தது.

“அக்கா, நான் யார் இன்ஜின்னு பாக்குறதே இல்லலா. எனக்கு வர்றது குழாய் மட்டுந்தான்” என்றார்.

“பேச்சு மட்டும் நல்லாப் பேசுங்க.”

அவர் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். வாடிக்கையாளர் கூரையைப் பார்த்தார். மாஸ்டர் மிக மெதுவாக, “நாளைக்குப் பின்னேரம் ஒரு முடிவு சொல்லுறன்” என்றார். அந்தக் குரலில் அவர் பேசினால் யாருக்காவது வேலை போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை நான் வேண்டுமென்றே சீக்கிரம் போனேன். மூன்றாவது இன்ஜினை முழுக்கப் பிரித்து, ஹோன் துகளைக் கண்டுபிடித்து, ஆதாரத்தோடு மாஸ்டர் முன் வைக்க வேண்டும். அப்படி ஒரு வீம்பு. இன்ஜினோடு கட்டியிருந்த அட்டையை அவிழ்த்தேன். அட்டையில் பதினேழு என்று என் கையெழுத்தில் எண் மட்டும் இருந்தது. பதினேழு யாருடையது என்று பார்க்க என் நோட்டை எடுத்தேன்.

அப்படியே நின்றுவிட்டேன்.

லிங்கத்துக்குப் போவது எண் அட்டை மட்டும்தான். பெயர் என் நோட்டில் இருக்கிறது. நோட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எது தமிழர் இன்ஜின், எது சீனர் இன்ஜின் என்று கழுவுகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. நேற்று அவர் அதைத்தான் சொன்னார். அந்தப் பட்டறையில் ஆள் பார்த்து இன்ஜினைத் தொட்ட கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை நான் என் முன்னால் நீட்டிப் பார்த்தேன்.

அப்போதும் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. எரிபொருளும் காற்றும் கலந்து உள்ளே போகும் வாய் இருக்கிறதே, கார்புரேட்டர், அதற்குள் ஒரு வெள்ளைத் தாளைச் சுருட்டி விட்டுத் துடைத்தேன். சாம்பல் நிறத்தில் மசகு. ஹோன் துகள் ஸ்லீவுக்குள் இருக்கலாம், இன்ஜினின் வாய்க்கு அது ஏறி வராது. ஏதோ வெளியிலிருந்து போயிருக்கிறது. மலைத் தூசி என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். பின்னால் கல்லுடைக்கிற மலை, தூசிக்கா பஞ்சம்? தாளை வெளிச்சத்தில் திருப்பினேன். சாம்பலுக்கு நடுவே கடுகளவு சிவப்பு. எந்த மலையிலும் குங்குமம் வெட்டி எடுப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கைபேசியை எடுத்து, பாகான் டத்தோகாரருக்கு அனுப்பிய படத்தை ஓடவிட்டேன். “முருகா, நல்லா ஓடணும்” என்று என் குரல். உலர்ந்த திருநீறு, மூன்று கோடு. குங்குமம், ஒரு பொட்டு. பிறகு கையை ஒரு தட்டு தட்டிவிட்டு, எரிபொருளை இழுப்பதற்காக, அதே விரலைக் கார்புரேட்டர் வாயில் அழுத்தி மூடி, காற்றாடியைச் சுற்றுகிறேன். ஒருமுறை இல்லை, நான்கு முறை. முன்பெல்லாம் குழைத்த திருநீறு பிசுபிசுக்கும் என்று கையைக் கழுவிவிட்டுத்தான் இதைச் செய்வேன். உலர்ந்த திருநீறு பிசுபிசுக்கவில்லை, அதனால் நானும் கழுவவில்லை. சாம்பலையும் விளக்கெண்ணெயையும் சேர்த்து இன்ஜினுக்குச் சோறூட்டுவது போல் ஊட்டியிருக்கிறேன். பித்தளைக் குத்துவிளக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்தே வளர்ந்தவளுக்கு அது என்ன செய்யும் என்று தெரியாதா?

உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய இடம் இதுதான். பட்டறையில் யாரும் இன்னும் வரவில்லை. தாள் என் கையில் இருந்தது, குப்பைத் தொட்டி காலடியில் இருந்தது. மலைத் தூசி என்று சொல்லிவிட்டால் போதும். லிங்கமும் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன், சாமி பெயரும் இதில் அடிபடாது. நாளையிலிருந்து கையைக் கழுவிக்கொண்டால் இன்ஜின்களும் ஒழுங்காக ஓடும். யாருக்கும் நட்டமில்லாத பொய். அந்த மாதிரிப் பொய்தான் வாயில் வழுக்கிக்கொண்டு வரும்.

ஆனால் தூசிக்குத் தமிழன், சீனன் என்று தெரியாதே. மாஸ்டர் அதைக் கேட்டால் பதில் இல்லை. அதைவிட, தூசி என்று சொன்னால் லிங்கத்தின் வேலை தப்பும், ஆனால் நேற்று நான் சொன்ன சொல் அப்படியே நிற்கும். தன் ஆட்களுக்கே அலட்சியமாக வேலை செய்கிறவர் என்ற சொல்லை எந்தத் தண்ணீரில் கழுவுவார்? எனக்கு அழுகை வந்தது. பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு தே ஓ, பால் சேர்க்காத தேநீர், குடித்தேன். அதுவும் கசந்தது. அடியில் கிடந்த சீனியைக் கலக்க மறந்திருந்தேன்.

பத்து மணிக்கு எல்லாரும் பசியாற வாங்கிய ரோத்தி சானாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். லிங்கம் மட்டும் குழாயடியிலேயே இருந்தார். அவரைக் கையைப் பிடித்து இழுத்து வராத குறையாகக் கூட்டி வந்தேன். தாளை மேசையில் வைத்தேன். கைபேசியில் படத்தை ஓடவிட்டேன். விரல் வாயை மூடும் இடத்தில் நிறுத்தினேன்.

“மாஸ்டர், மூணு இன்ஜினும் கெட்டது என்னாலதான். லிங்கம் கழுவினதுல ஒரு குறையும் இல்ல.”

மாஸ்டர் படத்தை மறுபடி பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் பார்த்தார்.

“ஒண்டும் மாத்தேல்லை எண்டு ரெண்டு தரம் சொன்னீர், பிள்ளை.”

“அது வேலைன்னே நினைக்கல மாஸ்டர். சாமி கும்புடுறதுன்னு நினைச்சேன்.”

கடைசல்காரர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து, தே புரையேறி, மற்றவர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. அதன் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. மாஸ்டர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். நானும் அழுதுகொண்டே சிரித்தேன். லிங்கம் சிரிக்கவில்லை.

“லிங்கம், நான் சொன்னது பெரிய தப்பு. என்னை மன்னிச்சிருங்க.”

அவர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார்.

“இன்ஜின் கெட்டா மறுபடி செஞ்சுக்கலாம் அக்கா. சரியாக் கழுவலைன்னு சொல்லியிருந்தீங்கன்னா இன்னும் ரெண்டு தண்ணி கூட ஊத்தியிருப்பேன். நம்மாளுங்கன்னா அலட்சியம்னு சொன்னீங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல. என் மக கேட்டா ஏன்ப்பா சாப்பிடலன்னு. நான் என்னான்னு சொல்லுவேன்?”

அவர் தாளைத் திரும்ப மேசையில் வைத்தார்.

“அந்த அண்ணே முன்னாலயும் சொன்னீங்க. அவருகிட்டயும் சொல்லிருங்க, போதும்.”

உடனே பாகான் டத்தோவுக்குக் கூப்பிட்டேன், எல்லாருக்கும் கேட்கும்படி. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். லிங்கத்தின் மேல் துளிகூடத் தப்பில்லை என்றும், நேற்று நான் சொன்னது பொய்ப் பழி என்றும் சொன்னேன்.

“அலாமாக்! அப்ப சாமி என் இன்ஜினுக்கு உள்ளயே போயிருச்சா அக்கா?” என்றார். பிறகு, “லிங்கம் அண்ணே, இருக்கீங்களா? நீங்களே கழுவிக் குடுங்க, நான் சாயங்காலம் வாரேன்” என்றார்.

அப்போதுதான் லிங்கத்தின் முகம் இளகியது.

கீறல்கள் நல்லவேளையாக ஆழமில்லை. அந்த அளவில் பட்டறையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ரிங். இந்த முறை கெட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு வழியில்லை. மெல்லிய கல்லால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கீறல் மறையும் அளவுக்கு மட்டும் ஹோன் போட்டேன். கோடுகள் சரியான சாய்வில் விழுந்தன. லிங்கம் பால் வாளியில் மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினார். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்தது. ஸ்லீவை வாங்கக் கையை நீட்டினேன். அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“கை?” என்றார்.

காட்டினேன். நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது. அவர் காலால் வாளியை என் பக்கம் தள்ளினார். அவர் வாளியில், அவர் சோப்பில், சின்னப் பிள்ளை போல நகத்தைத் தேய்த்துக் கழுவினேன். மறுபடி காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு ஸ்லீவைக் கொடுத்தார்.

அன்று கார்புரேட்டர் வாயை மூடி எரிபொருளை இழுத்தது லிங்கத்தின் விரல். இன்ஜின் புகையைக் கக்கிக்கொண்டு பொடபொடத்தது. இரண்டாம் ஓட்டம், மூன்றாம் ஓட்டம், நான்காம் ஓட்டம். ஒவ்வொரு முறை ஆறவிடும்போதும் எல்லாரும் மேசையைச் சுற்றி வந்து நின்றோம். ஆறாவது ஓட்டத்துக்குப் பிறகு காற்றாடியைக் கையால் சுற்றியபோது பிஸ்டன் நன்றாக எதிர்த்து நின்றது. மாஸ்டர் கரும்பலகைக்குப் போய், பட்டியலின் அடியில் ‘கை’ என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை பாகான் டத்தோவிலிருந்து எனக்கும் ஒரு படம் வந்தது. தென்னை மரங்களுக்கு மேலே சிவப்பு விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. அதன் மூக்கில், இன்ஜினுக்கு ரொம்பத் தள்ளி, அரை வெள்ளிக் காசு அகலத்தில் ஒரு பொட்டு. கீழே, ‘வெளியே மட்டும் அக்கா’ என்று எழுதியிருந்தார்.

ஆறு மாதம் முடியக் காத்திராமல் திங்கட்கிழமையே மாஸ்டர் லிங்கத்தை நிரந்தரம் ஆக்கினார். எனக்கு ஒரு மாதம் லிங்கத்தின் கீழ் கழுவும் வேலை. தண்டனையா என்று கேட்டேன். “இல்லை பிள்ளை, படிப்பு” என்றார். மற்ற இரண்டு இன்ஜின்களையும் அப்படித்தான் நாங்கள் சேர்ந்து மீட்டோம். திருநீறு பூசுவதையும் நான் விடவில்லை. இன்ஜின் ஓடிப் பழகி, ஆறி, வாயை மூடிய பிறகு பூசுகிறோம். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆகவே, நீங்கள் எதையாவது கெடுத்துவிட்டு நிற்கும் நாள் ஒன்று வரும். அன்று பலகையில் எழுதும்போது, வேலை என்று நீங்கள் நினைக்காததையும் எழுதுங்கள். தேத்தண்ணி குடித்தது, தலை வாரியது, கும்பிட்டது எல்லாம். யார் பெயராவது முந்திக்கொண்டு வாயில் வந்தால், அதை விழுங்கிவிட்டு முதலில் உங்கள் கையைப் பாருங்கள். விழுங்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், சீனி கலக்காத தே ஓ எனக்குப் பழகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு லிங்கம் அந்தப் பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை. ஆனால் நான் சோதனை மேசைக்குப் போன ஒவ்வொரு முறையும் “கை?” என்று கேட்டார். நான் காட்டுவேன், அவர் தலையை மட்டும் ஆட்டுவார். பிறகு அது எல்லாருக்கும் பொதுவாயிற்று. மாஸ்டரும் காட்டுவார். வருடங்கள் போய் லிங்கம் மேற்பார்வையாளர் ஆனார், அப்போதும் நான் காட்டினேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டினார்கள். வெட்டும் முன் கடைசியாக ஒருமுறை சோதனை மேசையைப் பார்க்கப் போனேன். லிங்கம் அங்கே ஓர் இன்ஜினோடு நின்றிருந்தார். அன்று அவர் கேட்கவில்லை. நானாகவே இரண்டு கைகளையும் நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் கைகளைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு நகமாகப் பார்த்தார்.

“சுத்தமா இருக்கு, அக்கா” என்றார்.